சமூக மனநலக் குழுவுக்கு டிஜிட்டல் கருவிகள்: காலைக் கூட்டத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக

புது டேப்லெட் வந்த அன்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே உற்சாகம். பெட்டியைப் பிரித்து, சார்ஜ் போட்டு, ஆப் இறக்கி, அரை நாள் பயிற்சியில் உட்கார்ந்து கேட்டு, அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் இதில்தான் என்று சொல்லிக் கலைந்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து அடித்த விவரங்கள் மட்டும் அதில் இருந்தன. இன்று யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு விடை அப்போதும் மூத்த செவிலியரின் டைரியில்தான் கிடந்தது, அவர் லீவு போட்டால் விடையும் லீவு.

டேப்லெட்டில் தப்பில்லை. அந்த ஆப் மேலிடம் கேட்கும் கேள்விக்காகச் செய்யப்பட்டது: இந்த மாதம் எத்தனை விசிட், எத்தனை பேர், எத்தனை கூட்டம். களத்தில் இருப்பவருக்கு வேறு மூன்று கேள்விகள். இன்று யாரைப் பார்க்க வேண்டும்? யார் நம் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருக்கிறார்? இன்று ராத்திரி யாருக்கு ஆபத்து வரலாம்? இந்த மூன்றுக்கும் அரை நிமிடத்தில் பதில் சொல்லாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் சுமைதான்.

மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், களப்பணியாளர் என்று 5 முதல் 15 பேர் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். ஆப் தேர்வு செய்வது மூன்றாவது படியில்தான் வரும், அதுவரை கொஞ்சம் பொறுமை.

படி 1: ஒரு வாரம் தகவலின் பின்னாலேயே போங்கள்

எதையும் வாங்காமல், எதையும் இறக்காமல், ஒரே ஒரு தகவலை எடுத்துக்கொண்டு அது எங்கெல்லாம் எழுதப்படுகிறது என்று பாருங்கள். நாங்கள் எடுத்தது டெப்போ ஊசித் தேதி, அதாவது தினமும் மாத்திரை போடுவதற்குப் பதிலாகச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி. ஒரே நபரின் அடுத்த ஊசித் தேதி நான்கு இடத்தில் இருந்தது: மருத்துவரின் கேஸ் ஷீட், செவிலியரின் டைரி, மருந்தறையின் பதிவேடு, சுவர்க் காலண்டர். நான்கில் இரண்டு ஒத்துப்போகவில்லை. யார் சரி என்று கேட்டால் ஆளாளுக்குத் தன்னுடையதே சரி என்றார்கள், அதுவும் மனதாரச் சொன்னார்கள்.

இதேபோல் அவசரத் தொடர்பு எண், கடைசியாகப் பார்த்த நாள், யார் பொறுப்பு என்று இன்னும் மூன்று தகவல்களைத் துரத்துங்கள். ஒரு தாளில் படமாக வரைந்தால் போதும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஒரு இருப்பிடம் என்று முடிவு செய்வதுதான் இந்தப் படியின் பலன். மற்ற இடங்கள் அதைப் பார்த்து எழுதலாம், ஆனால் சண்டை வந்தால் அந்த ஒரு இடம் சொல்வதே செல்லும்.

படி 2: பலகை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு முழுக் குழுவே ஒருவரைக் கவனித்துக்கொள்வது என்ற யோசனை 1970-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், மேடிசனில் லியோனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் போன்றவர்களின் வேலையிலிருந்து வளர்ந்தது. ஒருவருக்கு ஒரு பணியாளர் என்று பிரித்துக் கொடுக்காமல் எல்லோரையும் குழு முழுக்கத் தெரிந்துவைத்திருக்கும், அதற்காகத் தினமும் கூடிப் பேசும். பின்னால் நெதர்லாந்தில் ஃபாக்ட் என்ற முறை வந்தபோது அதில் ஒரு நடைமுறை மாற்றம் செய்தார்கள்: நிலையாக இருப்பவர்களை வழக்கம்போல அவரவர் பணியாளர் பார்ப்பார், நிலைமை ஆட்டம் காணும்போது மட்டும் அந்தப் பெயர் குழு முழுவதும் பார்க்கும் ஒரு பலகைக்கு ஏறும், பலகையில் இருக்கும்வரை முழுக் குழுவும் தினமும் அவரைப் பற்றிப் பேசும். அடங்கியதும் பெயர் இறங்கிவிடும்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், சாதாரண ஸ்பிரெட்ஷீட் போதும். நிறுவனம் கொடுத்த, பாஸ்வேர்டு உள்ள, பகிர்வு கட்டுப்பாட்டில் இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்த மின்னஞ்சல் கணக்கில் தொடங்காதீர்கள், ஆரம்பித்தவர் வேலையை விட்டுப் போகும்போது பலகையும் அவரோடு போய்விடும்.

ஒரு வரிக்கு ஒரு ஆள். கட்டங்கள் இவை: அடையாள எண், ஏன் பலகையில் இருக்கிறார் (ஒரே வாக்கியம்), என்ன செய்வதாக ஒத்துக்கொண்டோம், அடுத்து யார் போகிறார், எப்போது, கடைசியாக நேரில் பார்த்த நாள், கடைசியாக முயன்ற நாள், அடுத்த ஊசி அல்லது ரத்தப் பரிசோதனை, நெருக்கடி நேரத்துக்கான பாதுகாப்புத் திட்டம் (படி 5-ல் வருகிறது) இருக்கிறதா.

கடைசியாகப் பார்த்த நாளும் கடைசியாக முயன்ற நாளும் ஏன் தனித்தனி என்று எல்லோரும் கேட்பார்கள். பல ஆப்களில் விசிட் என்று ஒரே ஒரு பட்டன்தான் இருக்கும். களப்பணியாளர் போகிறார், கதவு பூட்டியிருக்கிறது, பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்புகிறார், விசிட் என்று பதிகிறார். மறுவாரமும் அதேதான். கணக்கில் இரண்டு விசிட் ஏறிவிட்டது, ஆனால் அந்த மனிதரை மூன்று வாரமாக யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அவர் மருந்தை நிறுத்தியிருக்கலாம், வேறு எங்காவது போயிருக்கலாம், உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இரண்டு தேதியையும் பிரித்து வைத்தால், முயன்ற தேதி புதிதாகவும் பார்த்த தேதி பழையதாகவும் இருக்கும் வரிதான் அந்த வாரத்தில் நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டிய வரி. இன்றைய தேதியிலிருந்து பார்த்த தேதியைக் கழிக்கும் சின்ன ஃபார்முலா ஒன்றைப் போட்டு, ஒத்துக்கொண்ட இடைவெளியைத் தாண்டினால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்துவிடுங்கள்.

காலைக் கூட்டம் இந்தப் பலகையை வைத்துத்தான்: தினமும் ஒரே நேரத்தில், 20 நிமிடம், எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையில். ஒருவர் படிக்க, ஒருவர் அங்கேயே மாற்றி அடிக்க வேண்டும். கூட்டம் முடிந்து சாவகாசமாக அப்டேட் செய்துகொள்ளலாம் என்று விட்டால் பலகை அன்றே பழசாகிவிடும். அப்புறம், ஏன் பலகையில் இருக்கிறார் என்ற கட்டத்தில் ‘ஒத்துழைப்பதில்லை’ போன்ற வார்த்தைகளை அனுமதிக்காதீர்கள். ‘நான்கு நாளாகத் தூங்கவில்லை, அக்கா போன் செய்தார்’ என்று எழுதினால் அடுத்துப் போகிறவருக்கு வாசலில் நின்று என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

படி 3: பதிவுக்கான மென்பொருள்

பலகை இன்றைக்கு. பதிவு நெடுநாளைக்கு. இரண்டையும் ஒரே கருவியில் அடைக்கப் போய்த்தான் பல குழுக்கள் சிக்கிக்கொள்கின்றன.

உங்கள் ஆஸ்பத்திரியோ நிறுவனமோ ஏற்கெனவே ஒரு மின்னணுப் பதிவு முறை வைத்திருந்தால், பிடிக்காவிட்டாலும் அதையே பயன்படுத்துங்கள். தனியாக இன்னொன்று தொடங்கினால் அவசரப் பிரிவில் இரவு டியூட்டி பார்க்கும் மருத்துவருக்கு உங்கள் குறிப்பு தெரியாது. அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பெறுங்கள்: உங்கள் குழு போய்ப் பார்க்கும் ஆட்கள் அனைவரையும் கடைசியாகப் பார்த்த தேதி வாரியாகப் பட்டியலிடும் ஒரு பக்கம்.

எதுவுமே இல்லாத இடத்தில் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் எடுத்துத் தாங்களே நிறுவிக்கொள்ளும்படி, கிடைப்பவை உண்டு. ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் இரண்டும் படிவம் நிரப்புவதற்கு நல்லவை, நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், நெட் வந்ததும் அனுப்பிவிடும். கணக்கெடுப்பு, ஒருமுறை மதிப்பீடு போன்றவற்றுக்குப் போதும். ஒரே ஆளை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிறீர்கள், போன விசிட்டில் என்ன எழுதினோம் என்று போனிலேயே தெரிய வேண்டும் என்றால் காம்கேர் போன்ற, ஆளை மையமாக வைத்த கருவி பொருந்தும். ஓபன்எம்ஆர்எஸ் முழு மருத்துவப் பதிவுக்கானது, 2004-லிருந்து வளர்ந்து வருகிறது, ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தொழில்நுட்ப ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டிஎச்ஐஎஸ் 2 பல நாடுகளில் சுகாதாரத் துறையின் மொத்தக் கணக்குகளுக்குப் பயன்படுகிறது. மேலிடம் கேட்கும் எண்களை அதற்கு அனுப்பலாம், காலைக் கூட்டத்தை அதை வைத்து நடத்த முயலாதீர்கள்.

எதை எடுத்தாலும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு கையில் பையோடு நின்றுகொண்டு, ஒரு விசிட்டைப் பதிந்து பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் களத்தில் யாரும் அதைச் செய்யப் போவதில்லை. விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி, நாளைக்கு நாங்கள் உங்களை விட்டுப் போனால் எங்கள் தகவல் முழுவதையும் எந்த வடிவத்தில் எடுத்துத் தருவீர்கள் என்று. அதற்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

படி 4: மதிப்பெண் படிவங்கள், குறிப்பாக அந்த ஒன்பதாவது கேள்வி

பிஎச்கியூ-9 பலருக்கும் தெரிந்திருக்கும். 2001-ல் வெளியான மனச்சோர்வுப் படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். மனப்பதற்றத்துக்கு ஜிஏடி-7, ஏழு கேள்வி, மொத்தம் 21. இரண்டும் இலவசம், பல மொழிகளில் இருக்கின்றன. நீங்களாக மொழிபெயர்க்காமல் சோதித்துப் பார்த்த மொழிபெயர்ப்பைத் தேடி எடுங்கள், ஒரு வார்த்தை மாறினால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் மாறிவிடும்.

இவற்றை இணைப்பாகப் போனுக்கு அனுப்பி வீட்டிலிருந்தே நிரப்பச் சொல்வது இப்போது சுலபம். சிக்கலும் அங்கேதான். பிஎச்கியூ-9-ன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. ஒருவர் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, தூக்கம் வராமல், அந்த இணைப்பைத் திறந்து ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று தொட்டு அனுப்புகிறார். அது சர்வருக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. திங்கட்கிழமை காலை யாரோ பார்க்கிறார்கள், அதுவும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அவர் தரப்பில் நினைத்துப் பாருங்கள்: சொல்லிவிட்டேன், யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதனால் எங்கள் விதி கறாரானது. அன்றைக்கே படித்துத் திரும்பக் கூப்பிட ஆள் இல்லாத நேரத்தில் ஒன்பதாவது கேள்வி வெளியே போகக் கூடாது. வார நாளில், காலையில் மட்டும் அனுப்புகிறோம், மாலைக்குள் இணைப்பு செயலிழந்துவிடும். ஒன்பதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் பொறுப்பாளருக்குத் தனி எச்சரிக்கை போக வேண்டும். மொத்தம் 7 மட்டுமே வந்து, அதில் ஒன்பதாவது 2 ஆக இருக்கலாம், 10 என்ற கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது நழுவிவிடும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தப் பதிலை எப்போது, யார் படிப்பார்கள் என்று தெளிவாக எழுதி, உடனே உதவி வேண்டுமென்றால் கூப்பிட வேண்டிய எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

மனச்சிதைவு நோயோடு வாழ்பவர்களை அதிகம் பார்க்கும் குழுவுக்கு இந்தப் படிவங்கள் பாதிக் கதைதான் சொல்லும். அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று கேட்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 படிவம் (12 கேள்விச் சுருக்கமும் உண்டு) அங்கே பயன்படும். மதிப்பெண்ணைக் கோட்டுப் படமாக அவரிடமே காட்டுங்கள். படம் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதைவிட, ‘இந்த மாதம் ஏன் இப்படி மேலே போயிருக்கு?’ என்று அவரே பேச ஆரம்பிப்பதுதான் எங்களுக்குக் கிடைத்த லாபம்.

படி 5: பாதுகாப்புத் திட்டம் யார் கையில் இருக்கிறது?

தற்கொலை எண்ணம் வரும் நேரத்துக்காக அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டத்தில் ஆறு பகுதிகள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய உறவும் நட்பும், கூப்பிட வேண்டிய மருத்துவ உதவி, சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. இதை நெருக்கடி இல்லாத நாளில், அவரோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

பல குழுக்கள் இதை அழகாகக் கணினியில் ஏற்றி, டிக் போட்டு, அங்கேயே விட்டுவிடுகின்றன. தேவைப்படும் ராத்திரியில் கணினி நம்மிடம் இருக்கும், நெருக்கடி அவரிடம் இருக்கும். எழுதி முடித்ததும் அவர் போனிலேயே படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எண்களை ஒரே தொடுதலில் கூப்பிடும்படி சேமித்துக் கொடுங்கள், மடித்து வைத்துக்கொள்ள ஒரு காகிதப் பிரதியும் கொடுங்கள், போனில் சார்ஜ் தீரும். இதற்கென்று தனி ஆப்களும் இருக்கின்றன. பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கலங்கிப்போய் இருக்கும்போது பாஸ்வேர்டு ஞாபகம் வராது. பூட்டில்லாமல் திறக்கும் எதையும் போனை எடுக்கும் வேறு யாரும் படிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், எது வேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும்.

படி 6: மெசேஜ்

ஒரு குறுஞ்செய்தியால் எவ்வளவு சேதம் வரும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மனநலம் என்ற வார்த்தையோடும் மருந்தின் பெயரோடும் ஒரு நினைவூட்டல் போயிருந்தது. போன் மேசையில் கிடந்தது, திரை ஒளிர்ந்தது, வரியைப் படித்தவர் அந்தப் பெண்ணின் மாமியார். அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் எங்களைத் திட்டக்கூட இல்லை, எண்ணை மாற்றிக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார்.

இப்போது எண்ணைப் பதியும்போதே மூன்று கேள்வி: இந்தப் போனை வேறு யார் எடுப்பார்கள், மெசேஜ் வரலாமா கூப்பிடலாமா, எந்த நேரம். மெசேஜில் ‘வணக்கம். வியாழன் காலை 10 மணி, வழக்கமான இடம். வர முடியாவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. அனுப்பும் கணக்கின் பெயரிலும் மனநலம் என்று வரக் கூடாது, இதைப் பலரும் கவனிப்பதில்லை.

குழுவுக்குள் பேச வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கும் தெரியும். செய்தி நடுவழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது, சரி. ஆனால் வந்து சேர்ந்த பிறகு? பல போன்களில் படம் தானாகக் கேலரியில் சேமிக்கப்பட்டு, குடும்பப் போட்டோக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். கிளவுடுக்குப் போகும் பேக்கப்புக்குத் தனிக் குறியாக்க வசதி உண்டு, அதை நாமே ஆன் செய்ய வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் போனில் பழைய உரையாடல் முழுவதும் இருக்கும். எனவே குறைந்தபட்சம் பெயர் வேண்டாம், அடையாள எண் மட்டும். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பவே கூடாது. மீடியா தானாகச் சேமிப்பதை எல்லோர் போனிலும் உட்கார்ந்து அணையுங்கள், மறையும் செய்திகளை ஆன் செய்யுங்கள். நிறுவனமே ஒரு பாதுகாப்பான அரட்டைக் கருவி கொடுத்தால் அதற்கு மாறிவிடுங்கள். முக்கியமான முடிவு எதுவும் அரட்டையில் மட்டும் இருக்கக் கூடாது, பதிவுக்கும் போக வேண்டும்.

படி 7: மருந்துத் தேதிகள்

கணினி மனிதனைவிட நன்றாகச் செய்யும் வேலை இது, தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். ஆனால் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை ஒருவர் 9 நாள் தாமதமாகப் போட்டுக்கொண்டால், சில காலண்டர்கள் அடுத்த தேதியைப் பழைய திட்டத்திலிருந்தே காட்டும். உண்மையில் போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும், தாமதம் எவ்வளவு நாளைத் தாண்டினால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது என்பதையும் மருந்துவாரியாக மருத்துவரிடம் எழுதி வாங்கி உள்ளே ஏற்றுங்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மருந்தான லித்தியம் எடுப்பவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும், அதுவும் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில். நினைவூட்டலில் தேதி மட்டும் இருந்தால் அவர் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் பரிசோதனைக்கு வருவார். ‘ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை’ என்ற வரியை முந்தின நாள் மாலையில் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபினுக்கு ரத்த வெள்ளை அணுக்களைக் கண்காணிக்க வேண்டும், தொடங்கிய சில மாதங்களுக்கு வாராவாரம் என்பது பொதுவான நடைமுறை. அதைவிட எளிதாக மறந்துபோகும் இன்னொன்று உண்டு: குளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். எங்கள் விசிட் படிவத்தில் ‘கடைசியாக மாத்திரை போட்டது எப்போது?’ என்ற கேள்வி முதலிலேயே வருவது இதற்காகத்தான். இரண்டு நாளைத் தாண்டினால் படிவம் ஒரு வரி காட்டும்: மருத்துவரைக் கூப்பிடவும்.

எச்சரிக்கைகளை அளவாக வையுங்கள். தினமும் 40 முறை மணி அடித்தால் நாற்பத்தொன்றாவதை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் லீவில் இருந்தால் இன்னொருவர், அவ்வளவுதான்.

படி 8: வீடியோ, போன்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார், துண்டித்துப்போனால் எந்த எண்ணுக்குக் கூப்பிடட்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்து ஆளை அனுப்ப வேண்டியிருந்தால் முகவரி தெரியாமல் திண்டாடக் கூடாது. கேமரா வழியாக யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயம் இருப்பவரிடம் வீடியோவை வற்புறுத்தாதீர்கள். முதல் சந்திப்பும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் நேரில்தான். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில நாள், சில வாரங்களில் தற்கொலை ஆபத்து மிக அதிகம், அப்போது திரையில் தெரியும் சிரிப்பை நம்பிவிட முடியாது.

படி 9: தனியாகப் போகிறவரின் பாதுகாப்பு

எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று பதிவது, திரும்பியதும் ஒரு தட்டு. சொன்ன நேரத்துக்கு 15 நிமிடம் தாண்டினால் இன்னொருவர் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்து என்ன என்று எழுதி வைத்திருக்க வேண்டும். லைவ் லொகேஷன் விசிட் நேரத்துக்கு மட்டும் போதும். நாள் முழுக்கப் போட்டால் பாதுகாப்பு என்ற பெயரில் வேவு பார்ப்பதாகிவிடும், பணியாளர்கள் போனை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். போனில் சொல்ல ஒரு சங்கேத வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள், ‘அந்தப் பச்சைக் கோப்பு மேசையில் இருக்கிறதா பாருங்கள்’ என்ற மாதிரி, சந்தேகம் வராமல் உதவி கேட்க.

படி 10: பூட்டு

2020 அக்டோபரில் பின்லாந்தில் ஒரு தனியார் உளசிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடுபோன விஷயம் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சையாளரிடம் மட்டும் சொன்னவை. திருடியவர் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை என்றதும் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் வெளியிடுவேன் என்று மிரட்டினார். நிறுவனம் மறுவருடமே திவாலானது. கடன் அட்டை எண் திருடுபோனால் வேறு அட்டை வாங்கலாம், இதற்கு அப்படி ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் குழு அளவில் செய்ய வேண்டியவை சலிப்பானவை, ஆனால் செய்தாக வேண்டும். ஆளுக்கொரு லாக்இன், பொது பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைக்கும் பழக்கத்துக்கு முழுக்கு. இரண்டடுக்கு உறுதிப்படுத்தல், அதாவது பாஸ்வேர்டு தவிர இன்னொரு சான்றும் கேட்பது. தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கும் வசதி உள்ள போன். வேலையை விட்டவரின் கணக்கை அன்று மாலைக்குள் மூடுவது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்ற பதிவை மாதம் ஒருமுறை பார்ப்பது, ஏனென்றால் கசிவு ஹேக்கர் வழியாக மட்டும் வருவதில்லை, தெரிந்தவரின் கோப்பை ஆர்வத்தில் எட்டிப் பார்ப்பவர் வழியாகவும் வருகிறது. பேக்கப் எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், ஒருமுறை அதிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எழுதும்போதும் ஒரு பூட்டு வேண்டும். தேவைக்கு மேல் எழுதாதீர்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான மருத்துவக் குறிப்புகளைச் சிகிச்சை பெறுபவரே தாமதமின்றிப் படிக்க வழி செய்யும் விதி நடைமுறையில் இருக்கிறது. உங்கள் இடத்தில் அப்படி இல்லாவிட்டாலும் அவர் தோள் வழியாகப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து எழுதினால் குறிப்பும் நன்றாக இருக்கும்.

சுய உதவி ஆப்களும் செயற்கை நுண்ணறிவும்

படியில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறேன், இவை இல்லாமலும் குழு ஓடும். ஆப் கடையில் மனநலம் என்று தேடினால் கொட்டும், பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சோதனையும் நடந்ததில்லை. பரிந்துரைக்கும் முன் யார் செய்தது, தகவலை யாருக்குக் கொடுக்கிறார்கள், நிறுத்தினால் கணக்கை அழிக்க முடியுமா என்று பாருங்கள். நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்-பை-ஸ்டெப். ஐந்து அமர்வு, மனச்சோர்வுக்கானது, லெபனானில் சிரிய அகதிகளிடமும் உள்ளூர்க்காரர்களிடமும் சோதித்துப் பலன் கண்டார்கள். அதில் கவனிக்க வேண்டியது, வாரத்துக்கு 15 நிமிடம் போல ஒரு பயிற்சி பெற்ற ஆள் போனிலோ மெசேஜிலோ கூடவே வந்தார் என்பது. ஆப்பைக் கொடுத்துவிட்டு ஆளை எடுத்துவிடுகிற திட்டத்துக்கு அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

உரையாடலைக் கேட்டுத் தானாகக் குறிப்பெழுதும் கருவிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். சம்மதம், ஒலிப்பதிவு எங்கே போகிறது, எப்போது அழிகிறது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் தொடாதீர்கள். எழுதிக் கொடுத்ததை ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். ‘எண்ணம் இல்லை’ என்பது ‘எண்ணம் உள்ளது’ ஆகிவிட்டால் விளைவு யாருக்கு என்று யோசியுங்கள்.

படி 11: சின்னதாகத் தொடங்குவது

இரண்டு பணியாளர், அவர்கள் பார்க்கும் பத்துப் பேர், நான்கு வாரம். கருவியைத் திட்டுவதில் முன்னால் நிற்பவரை அந்த இருவரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், குறை எங்கே என்று அவருக்குத்தான் சீக்கிரம் தெரியும். காகிதமும் கூடவே ஓடட்டும், ஆனால் எந்த நாளோடு நோட்டு மூடப்படும் என்று முதல் நாளே சுவரில் எழுதுங்கள். தேதி இல்லாவிட்டால் இரட்டை வேலை வருடக்கணக்கில் போகும், பாதியில் எல்லோரும் கணினியைத்தான் விடுவார்கள்.

ஒரு நாள் வேண்டுமென்றே நெட்டை அணைத்துப் பாருங்கள். அன்று காலைக் கூட்டம் நடக்க வேண்டும். நாங்கள் தினமும் மாலை பலகையின் ஒரு பிரதியை அச்செடுத்துப் பூட்டிய டிராயரில் வைக்கிறோம், மறுநாள் மாலை கிழித்துப் போடுவோம். பழைய பாணிதான், ஆனால் சர்வர் படுத்த இரண்டு நாளும் ஒரு ஊசிகூடத் தவறவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கட்டங்களைக் குறைக்க உட்காருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, கடைசியாக இதைப் பார்த்து யார் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கேளுங்கள், பதில் வராத கட்டத்தை அங்கேயே நீக்குங்கள். எங்கள் பலகையில் முதலில் 22 கட்டங்கள் இருந்தன, இப்போது 9. அந்த மூத்த செவிலியர் இன்னமும் டைரி வைத்திருக்கிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் போன மாதம் அவர் ஒரு வாரம் லீவில் போனபோது யாரும் அவருக்குப் போன் செய்து தேதி கேட்கவில்லை. திரும்பி வந்தவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.